தராசு காட்டாத கொழுப்பு

மருத்துவப் பரிசோதனை முடிவு உங்கள் கையில் இருக்கிறது. இரத்தத்தில் சீனி கொஞ்சம் அதிகம், கொழுப்பு கொஞ்சம் அதிகம். கடைசிப் பக்கத்தில் வயிற்று ஸ்கேன் அறிக்கை. அதில் ஒரு வரி: 'ஃபேட்டி லிவர், கிரேட் 1'. வெளியே நோயாளிகள் வரிசையாகக் காத்திருக்கிறார்கள். மருத்துவர் இரண்டே சொற்றொடர்களில் முடித்துவிடுகிறார்: "நல்லா நடங்க. எடையைக் குறைங்க."

மறுநாளே புதிய காலணி வாங்கிவிடுகிறீர்கள். வேலை முடிந்து வந்ததும் தாமானைச் சுற்றி நடக்கிறீர்கள். ஒரு மாதம் கழித்துத் தராசில் ஏறிப் பார்த்தால் 78 கிலோ. நடக்கத் தொடங்கிய அன்றும் அதே 78தான். இரண்டாம் மாதம் 77.6. மூன்றாம் மாதம் அந்தக் காலணி வாசல் ஓரத்தில் தூசு படிந்து கிடக்கிறது. 'இவ்வளவு நடந்தும் ஒரு கிலோகூடக் குறையவில்லையே, இதனால் என்ன பயன்?' என்று மனம் சலித்துவிடுகிறது.

நம்மில் பலர் இந்த இடத்தில்தான் நின்றுவிடுகிறோம். தராசு பொய் சொல்லவில்லை. ஆனால், கல்லீரலுக்குள் நடப்பதைப் பார்க்கும் கருவி அது அல்ல. முள் அசையாத அதே மாதங்களில் உங்கள் கல்லீரலில் இருந்த கொழுப்பு கரைந்துகொண்டு இருந்திருக்கலாம். அது எப்படி என்பதை இந்த வாரம் பார்ப்போம்.

'கிரேட் 1' என்பதன் பொருள்

வலப்பக்க விலா எலும்புகளுக்குக் கீழே இருக்கும் கல்லீரல் சுமார் ஒன்றரைக் கிலோ எடையுள்ளது. உடலின் உள்ளுறுப்புகளில் இதுவே பெரியது. உண்ட உணவின் சத்துகளைப் பிரித்து அனுப்புவது, சீனியைச் சேமித்து வைத்துத் தேவைப்படும்போது விடுவிப்பது, நச்சுப் பொருள்களை நீக்குவது என்று ஓயாமல் வேலை செய்கிறது. கொழுப்பைச் சேமிப்பது அதன் வேலை அல்ல. கல்லீரல் உயிரணுக்களில் 5 விழுக்காட்டுக்கு மேல் கொழுப்புத் துளிகள் தேங்கிவிட்டால் அதைக் கல்லீரல் கொழுப்பு நோய் என்கிறோம்.

மது அருந்துவதாலும் இந்த நிலை வரும். மதுவைத் தொடாதவர்களுக்கு வருவதை நெடுங்காலம் 'மது சாராத கல்லீரல் கொழுப்பு நோய்' என்று அழைத்து வந்தார்கள். 2023ஆம் ஆண்டில் அனைத்துலகக் கல்லீரல் மருத்துவ அமைப்புகள் அந்தப் பெயரை மாற்றின. உடலின் வளர்சிதை மாற்றக் கோளாற்றோடு தொடர்புடைய நோய் என்பதே புதிய பெயரின் பொருள். பருத்த இடுப்பு, நீரிழிவு, இரத்த அழுத்தம், இரத்தக் கொழுப்பு ஆகியவற்றின் உடன்பிறப்பு இது என்பதைப் புதிய பெயர் தெளிவாக்குகிறது.

இதனால்தான் நம் நாட்டில் இதைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது. 2023ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வுப்படி, மலேசியாவில் வயதுவந்தோரில் 54.4 விழுக்காட்டினர் அதிக எடை அல்லது உடற்பருமன் உள்ளவர்கள். 15.6 விழுக்காட்டினருக்கு, அதாவது ஏறக்குறைய ஆறு பேரில் ஒருவருக்கு, நீரிழிவு இருக்கிறது. கல்லீரல் கொழுப்பு நோய் வளர இதைவிடத் தோதான நிலம் வேறில்லை.

கல்லீரலில் வெறும் கொழுப்பு மட்டும் இருக்கும்வரை பெரும்பாலும் வலி இராது, மஞ்சள் காமாலை இராது, எந்த அறிகுறியும் இராது. சிலருக்கு அந்தக் கொழுப்பு அழற்சியை உண்டாக்கும். அழற்சி நீடித்தால் வடு விழும். வடு முற்றினால் கல்லீரல் சுருங்கி இறுகிவிடும். சிலருக்குப் புற்றுநோயிலும் போய் முடியும்.

ஒன்றைக் குறித்துக்கொள்ளுங்கள். ஸ்கேன் அறிக்கையில் வரும் 'கிரேட்' என்பது படத்தில் தெரியும் கொழுப்பின் அளவைச் சொல்வது. வடு எவ்வளவு என்பதை அது சொல்லாது. 'கிரேட் 1தானே' என்று அலட்சியமாக இருப்பதும் தவறு. 'கிரேட் 3 ஆகிவிட்டதே, இனி அவ்வளவுதான்' என்று உடைந்துபோவதும் தவறு. வடுவைக் கணிக்க வேறு பரிசோதனைகள் உள்ளன. அவற்றைக் கடைசியில் பார்ப்போம்.

இந்தக் கொழுப்பு எங்கிருந்து வருகிறது?

'எண்ணெயில் பொரித்ததைச் சாப்பிட்டேன், அது கல்லீரலில் போய் ஒட்டிக்கொண்டது' என்பதே பலருடைய எண்ணம். உண்மை வேறு. அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், கொழுப்பு எங்கிருந்து எங்கே போகிறது என்பதைப் பின்தொடரக்கூடிய அடையாளப் பொருள்களை நோயாளிகளுக்குக் கொடுத்துச் சோதித்து, 2005ஆம் ஆண்டில் ஒரு கணக்கை வெளியிட்டார்கள். கல்லீரலில் தேங்கிய கொழுப்பில் 59 விழுக்காடு, உடலின் கொழுப்புத் திசுக்களிலிருந்து இரத்தத்தில் கசிந்து வந்தது. 26 விழுக்காடு, மாவுச்சத்திலிருந்தும் சீனியிலிருந்தும் கல்லீரல் தானே புதிதாக உற்பத்தி செய்தது. உண்ட உணவின் கொழுப்பிலிருந்து நேராக வந்தது வெறும் 15 விழுக்காடு.

அதாவது, கல்லீரலுக்குள் கொழுப்பு நுழைய மூன்று வாசல்கள் இருக்கின்றன. தொப்பையிலிருந்து வருவது முதல் வாசல், மிகப் பெரியது. சோறு, ரொட்டி சானாய், தே தாரிக்கில் இருக்கும் சீனி ஆகியவை கல்லீரலுக்குள்ளேயே கொழுப்பாக மாறுவது இரண்டாவது. தட்டில் இருக்கும் எண்ணெய் மூன்றாவது, மூன்றிலும் சிறியது. உடற்பயிற்சி முக்கியமாக முதல் இரண்டு வாசல்களில்தான் கைவைக்கிறது.

தசை என்னும் களஞ்சியம்

ஒரு தட்டுச் சோறு சாப்பிடுகிறீர்கள். அது குளுக்கோசாக மாறி இரத்தத்தில் கலக்கிறது. கணையம் இன்சுலினைச் சுரக்கிறது. இன்சுலின் தசைகளின் கதவைத் தட்டி, 'நெல் வந்திருக்கிறது, உள்ளே எடுத்து வையுங்கள்' என்கிறது. தசைகள் அந்தக் குளுக்கோசை எடுத்து 'கிளைக்கோஜன்' என்ற வடிவில் அடுக்கி வைத்துக்கொள்கின்றன. சராசரி மனிதரின் தசைகளில் சுமார் 400 கிராம் கிளைக்கோஜன் தங்கும். கல்லீரலில் தங்குவது சுமார் 100 கிராம்தான். ஆக, பெரிய களஞ்சியம் தசைதான்.

களஞ்சியம் ஏற்கெனவே நிரம்பியிருந்தால்? நாள் முழுவதும் நாற்காலியில் அமர்ந்து, காரில் வந்து, மின்தூக்கியில் ஏறி, மீண்டும் நாற்காலியில் அமர்பவரின் தசைகளில் நேற்று வைத்த நெல்லே இன்னும் காலியாகவில்லை. இன்சுலின் தட்டுகிறது, தசை கதவைத் திறக்கத் தயங்குகிறது. இதைத்தான் மருத்துவர்கள் இன்சுலின் எதிர்ப்பு என்கிறார்கள். கணையம் இன்னும் அதிக இன்சுலினைச் சுரக்கிறது. வழி கிடைக்காத குளுக்கோஸ் கல்லீரல் பக்கம் திரும்புகிறது. அங்கே மிகுந்திருக்கும் இன்சுலின், அந்தக் குளுக்கோசைக் கொழுப்பாக மாற்றச் சொல்கிறது. இதுவே இரண்டாம் வாசல்.

கொழுப்புத் திசுவும் இன்சுலினின் பேச்சைக் கேட்க மறுக்கத் தொடங்குகிறது. தன்னிடம் உள்ள கொழுப்பைப் பூட்டி வைக்காமல் நாள் முழுவதும் இரத்தத்தில் கசியவிடுகிறது. அந்தக் கசிவு கல்லீரலில் போய்ச் சேர்கிறது. இது முதல் வாசல்.

நம் தாத்தா பாட்டிமார் மூன்று வேளையும் சோறு சாப்பிட்டார்கள். விடியும் முன்பே எழுந்து, பால்மரக் காட்டில் மரத்துக்கு மரம் நடந்து, வாளி சுமந்து திரும்பினார்கள். அவர்களின் களஞ்சியம் நாள்தோறும் காலியானது. சாப்பிட்ட சோற்றுக்குத் தசையில் இடம் இருந்தது. சோறு நம் தட்டுக்கும் வந்துவிட்டது. அந்த நடை வரவில்லை.

ஒரே ஒரு நாள் பயிற்சி

ஏரோபிக் உடற்பயிற்சி என்றால், பெரிய தசைகளைத் தொடர்ந்து அசைத்து, மூச்சும் இதயத் துடிப்பும் கூடும்படி செய்யும் பயிற்சி. தசைகள் பிராணவாயுவைப் பயன்படுத்திச் சீனியையும் கொழுப்பையும் எரிக்கும். வேகநடை, மெதுவோட்டம், மிதிவண்டி, நீச்சல், நடனம் எல்லாம் இதில் அடங்கும்.

தசை சுருங்கி விரியும்போது ஒரு வியப்பான செயல் நடக்கிறது. குளுக்கோசை உள்ளே இழுக்கும் கதவுகள், இன்சுலின் வந்து தட்டாமலேயே, தாமாகத் திறந்துகொள்கின்றன. இன்சுலினுக்குச் செவிசாய்க்க மறுக்கும் தசையும் நடைக்குக் கட்டுப்படுகிறது. பயிற்சி முடிந்த பிறகும் காலியான களஞ்சியத்தை நிரப்பிக்கொள்ள ஓரிரு நாள் வரை தசை இன்சுலினுக்கு நன்றாகவே செவிகொடுக்கிறது.

இது கல்லீரலை எப்படித் தொடுகிறது என்பதை அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2011ஆம் ஆண்டில் காட்டினார்கள். ஒல்லியாக இருந்தும் இன்சுலின் எதிர்ப்பு உள்ள இளவயதினரை அவர்கள் தேர்ந்தெடுத்தார்கள். மாவுச்சத்து மிகுந்த உணவை, ஒருமுறை ஓய்வாக இருந்தபோதும், இன்னொருமுறை 45 நிமிடப் பயிற்சிக்குப் பிறகும் கொடுத்துப் பார்த்தார்கள். பயிற்சி செய்த நாளில் தசைகள் கிளைக்கோஜனாகச் சேர்த்த அளவு மூன்று மடங்குக்கு மேல் கூடியது. கல்லீரல் புதிதாகக் கொழுப்பு உற்பத்தி செய்தது சுமார் 30 விழுக்காடு குறைந்தது.

ஒரே நாள், ஒரே ஒரு பயிற்சி. அன்று அவர்களின் எடை மாறியிருக்க வழியில்லை. மாறியதெல்லாம் உணவு போய்ச் சேர்ந்த இடம். கல்லீரலுக்குப் போகவேண்டியது தசைக்குப் போயிற்று.

எடை அப்படியே, கல்லீரல் அப்படியில்லை

ஒரு நாள் பயிற்சி இதைச் செய்தால் ஒரு மாதப் பயிற்சி என்ன செய்யும்? ஆஸ்திரேலியாவின் சிட்னி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2009ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு இந்தத் துறையில் முக்கியமானது. உடற்பருமன் கொண்ட, உடற்பயிற்சிப் பழக்கமே இல்லாத 19 பேர் அதில் கலந்துகொண்டார்கள். ஒரு குழுவினர் வாரம் 3 நாள், 30 முதல் 45 நிமிடம் வரை, நிலையான மிதிவண்டியை மிதித்தார்கள். மற்றொரு குழுவினர் உடலை நீட்டி மடக்கும் எளிய பயிற்சி மட்டும் செய்தார்கள். நான்கு வாரம் கழித்துப் பார்த்தபோது மிதிவண்டிக் குழுவினரின் உடல் எடை மாறவில்லை. ஆனால், கல்லீரல் கொழுப்பு 21 விழுக்காடும் வயிற்றின் உள்ளே குடலைச் சுற்றித் தேங்கும் கொழுப்பு 12 விழுக்காடும் குறைந்திருந்தன. இரத்தத்தில் கசிந்து திரிந்த கொழுப்பு அமிலமும் குறைந்திருந்தது. முதல் வாசலும் ஓரளவு சாத்தப்பட்டது என்று பொருள்.

தராசு இதை ஏன் காட்டவில்லை? ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒன்றரைக் கிலோ கல்லீரலில் 10 விழுக்காடு கொழுப்பு இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அது 150 கிராம். அதில் 21 விழுக்காடு குறைந்தால் சுமார் 30 கிராம். இரண்டு மேசைக்கரண்டி எண்ணெயின் எடை. காலையில் நீங்கள் குடிக்கும் ஒரு கிளாஸ் தண்ணீர் அதைப்போல ஆறேழு மடங்கு எடை. 78 கிலோ உடலில் 30 கிராம் குறைந்ததை எந்தக் குளியலறைத் தராசு காட்டும்? கல்லீரலுக்கோ அது தன் சுமையில் ஐந்தில் ஒரு பங்கு.

இன்னொரு கணக்கும் உண்டு. அரை மணி நேர வேகநடையில் சராசரி உடல்வாகு உள்ளவர் ஏறக்குறைய 150 கலோரி செலவழிப்பார். வாரம் ஐந்து நாள் என்றால் 750. ஒரு கிலோ உடல் கொழுப்பில் சுமார் 7,700 கலோரி அடங்கியிருக்கிறது. உணவை மாற்றாமல் நடையால் மட்டும் ஒரு கிலோ குறைய ஏறக்குறைய பத்து வாரம் ஆகும். அதிலும் ஒரு ரொட்டி சானாயில் சுமார் 300 கலோரி இருக்கிறது. நடந்து முடித்த திருப்தியில் ஒன்றை உள்ளே தள்ளினால் இரண்டு நாள் நடையின் கணக்கு நேராகிவிடும். எனவே, தராசு அசையாதது உங்கள் நடையின் தோல்வி அல்ல; கணக்கே அப்படித்தான்.

சாதாரண அல்ட்ராசவுண்ட் ஸ்கேனும் இந்தச் சிறு மாற்றத்தைக் காட்டாமல் போகலாம். கல்லீரலில் 20, 30 விழுக்காடு கொழுப்பு சேர்ந்த பிறகுதான் அது தெளிவாகக் கண்டறியும். சிட்னி ஆய்வு போன்றவற்றில் காந்த அதிர்வு முறையில் நுணுக்கமாக அளந்தார்கள். மூன்று மாதம் கழித்தும் அறிக்கையில் அதே 'கிரேட் 1' வந்தால் உள்ளே ஒன்றும் மாறவில்லை என்று முடிவுகட்ட வேண்டாம்.

எவ்வளவு, எவ்வளவு வேகமாக?

மூச்சு முட்ட ஓடினால்தான் பலன் என்பது இன்னொரு தயக்கம். சிட்னி குழுவினரே 2015ஆம் ஆண்டில் இதற்கு விடை தேடினார்கள். 48 பேரைக் குழுக்களாகப் பிரித்து எட்டு வாரம் பயிற்சி கொடுத்தார்கள். ஒரு குழு வேகமாகவும் குறைந்த நேரமும், மற்றொன்று மிதமாகவும் நிறைய நேரமும், இன்னொன்று மிதமாகவும் குறைந்த நேரமும் பயிற்சி செய்தது. மூன்று குழுக்களிலும் கல்லீரல் கொழுப்பு குறைந்தது. அவற்றுக்கிடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை.

சீனாவின் சியாமென் நகரில் 220 பேரை ஓராண்டு பின்தொடர்ந்த பெரிய ஆய்வு 2016இல் வெளிவந்தது. ஒரு பகுதியினர் ஆறு மாதம் மெதுவோட்டமும் அடுத்த ஆறு மாதம் வேகநடையும் மேற்கொண்டார்கள். இன்னொரு பகுதியினர் ஆண்டு முழுவதும் வேகநடை மட்டுமே. இரு பிரிவினருக்கும் வாரம் 150 நிமிடம்தான். இரண்டிலும் கல்லீரல் கொழுப்பு ஏறக்குறைய ஒரே அளவு குறைந்தது. ஓட முடியாத முழங்காலுக்கு இதைவிட நல்ல செய்தி ஏது?

2023ஆம் ஆண்டில் வெளிவந்த ஒரு தொகுப்பாய்வு, 14 ஆய்வுகளில் பங்கெடுத்த 551 பேரின் தரவுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தது. கல்லீரல் கொழுப்பு தன் அளவில் 30 விழுக்காடாவது குறைவதையே மருத்துவர்கள் பொருட்படுத்தத்தக்க முன்னேற்றமாகக் கருதுகிறார்கள். வாரம் 150 நிமிட வேகநடைக்கு ஈடாகவோ அதற்கு மேலோ பயிற்சி செய்தவர்களில் 39 விழுக்காட்டினர் அந்த இலக்கை எட்டினார்கள். அதற்குக் குறைவாகச் செய்தவர்களில் 26 விழுக்காட்டினரே எட்டினார்கள்.

ஆக, வாரம் 150 நிமிடம் என்பதைக் குறி வைத்துக்கொள்ளலாம். வேகநடை என்பதற்கு அளவுகோல் சுலபம்: நடந்துகொண்டே பேச முடிய வேண்டும், பாட்டுப் பாட முடியக்கூடாது. பக்கத்தில் வருபவரிடம் ஊர்க்கதை எல்லாம் மூச்சு வாங்காமல் சொல்லிக்கொண்டு வந்தால் வேகம் போதவில்லை என்று பொருள்.

அப்படியானால் எடை முக்கியமில்லையா?

முக்கியம்தான். சியாமென் ஆய்விலும் கொழுப்பு குறைந்ததில் பெரும் பங்கு எடைக் குறைப்பின் வழியாக வந்தது என்றே ஆய்வாளர்கள் கண்டார்கள். கியூபாவில் 293 நோயாளிகளை ஓராண்டு கவனித்து 2015இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் தெளிவாகப் பேசுகிறது. உடல் எடையில் 10 விழுக்காடோ அதற்கு மேலோ குறைத்தவர்களில் 90 விழுக்காட்டினருக்குக் கல்லீரல் அழற்சி நீங்கியது. 45 விழுக்காட்டினருக்கு வடுவே பின்வாங்கியது. உடற்பயிற்சியால் மட்டும் வடு இப்படிக் குறையும் என்பதற்கு இந்த அளவு வலுவான சான்று இல்லை.

எனவே, இரண்டையும் கலந்து குழப்பிக்கொள்ளாமல் வரிசைப்படுத்திக்கொள்வது நல்லது. எடை குறைய உணவில் கைவைக்க வேண்டும். அதற்கு நேரம் ஆகும். நடையின் பலன் எடை குறையும்வரை காத்திருப்பதில்லை. முதல் வாரத்திலேயே தொடங்கிவிடும். எடையும் குறைந்தால் இரட்டை ஆதாயம்.

மருந்துகளும் வரத் தொடங்கிவிட்டன. அழற்சியோடு வடுவும் விழுந்தவர்களுக்கான முதல் மருந்தான ரெஸ்மெட்டிரோமுக்கு அமெரிக்கா 2024 மார்ச் மாதம் ஒப்புதல் அளித்தது. 2025 ஆகஸ்ட் மாதம் செமாகுளுட்டைட் ஊசிக்கும் இதே நோய்க்காக அனுமதி கிடைத்தது. இரண்டையும் உணவுக் கட்டுப்பாட்டோடும் உடற்பயிற்சியோடும் சேர்த்தே பயன்படுத்தச் சொல்கிறார்கள். 'கிரேட் 1' என்ற ஒரு வரியோடு வீடு திரும்பும் பெரும்பாலோருக்கு முதல் சிகிச்சை இன்றும் காலணிதான்.

மற்றொன்றும் உண்டு. கல்லீரல் கொழுப்பு நோய் உள்ளவர்களின் உயிரை அதிகம் பறிப்பது கல்லீரல் அல்ல, இதயநோய். கல்லீரலுக்காக நீங்கள் எடுத்து வைக்கும் ஒவ்வோர் அடியும் இதயத்துக்கும் சேர்த்துத்தான்.

'நான் ஒல்லி, எனக்கு வராது'

நம் மக்கள் கவனிக்க வேண்டிய செய்தி இது. யேல் ஆய்வாளர்கள் 2006ஆம் ஆண்டில், ஒல்லியான ஆரோக்கியமான ஆண்களைப் பல இனங்களிலிருந்து எடுத்து ஒப்பிட்டார்கள். இந்திய வம்சாவளி ஆண்களின் கல்லீரலில் கொழுப்பு, வெள்ளையரோடு ஒப்பிடும்போது ஏறக்குறைய இரு மடங்கு இருந்தது. இன்சுலின் எதிர்ப்பும் அவர்களிடம் மிகுதியாகக் காணப்பட்டது. நம் உடலில் கொழுப்பு கை கால்களைவிட வயிற்றுக்குள் சேரும் இயல்பு அதிகம்.

எனவே, தராசைவிட நாடா நமக்கு நல்ல நண்பன். தையற்காரர் பயன்படுத்தும் நாடாவைத் தொப்புள் மட்டத்தில் வயிற்றைச் சுற்றிப் பிடியுங்கள். தெற்காசிய வம்சாவளியினருக்கு ஆண்கள் என்றால் 90 சென்டிமீட்டர், பெண்கள் என்றால் 80 சென்டிமீட்டர் எல்லை. கை கால் ஒல்லியாகவும் வயிறு மட்டும் முன்னால் தள்ளியும் இருப்பவர்களை இந்த நாடா விட்டுவைக்காது.

அன்றாட வாழ்க்கையில்

வாரம் 150 நிமிடத்தை ஐந்து அரை மணி நேரமாகப் பிரிக்கலாம். அரை மணி கிடைக்காத நாளில் காலையில் 15, மாலையில் 15 நிமிடம் என்றாலும் சரியே. இரண்டு மூன்று நாளுக்கு மேல் இடைவெளி விடாதீர்கள். தசைக் களஞ்சியம் ஓரிரு நாளில் மீண்டும் நிரம்பிவிடும் என்பதை நினைவில் வையுங்கள்.

இரவுச் சாப்பாடு முடிந்ததும் தொலைக்காட்சி முன் அமராமல் 10, 15 நிமிடம் நடங்கள். சாப்பிட்ட பின் நடந்தால் இரத்தத்தில் சீனி ஏறும் உயரம் குறையும் என்பது பல ஆய்வுகளில் உறுதியானது. குளுக்கோஸ் இரத்தத்துக்கு வரும் நேரத்திலேயே தசையின் கதவைத் திறந்து வைக்கிறீர்கள்.

வெயில் சுட்டால் காலை எட்டு மணிக்கு முன்போ மாலை ஆறு மணிக்குப் பின்போ நடக்கலாம். மழையா? பேரங்காடிக்குள் நடக்கலாம். புகைமூட்டக் காலத்தில் காற்று மாசுக் குறியீடு 100ஐத் தாண்டினால் வெளியே வேகநடை வேண்டாம். மூட்டுவலி உள்ளவர்களுக்கு மிதிவண்டியும் நீச்சலும் ஏற்றவை. நடக்கவே இயலாதவர்களுக்கும் வழி உண்டு: எடை தூக்குவது, ரப்பர் பட்டையை இழுப்பது போன்ற தசைப் பயிற்சிகளை எட்டு வாரம் செய்ததில், எடை மாறாமலேயே கல்லீரல் கொழுப்பு 13 விழுக்காடு குறைந்ததை இங்கிலாந்தின் நியூகாசல் பல்கலைக்கழக ஆய்வு 2011இல் காட்டியது.

நடந்து முடித்ததும் மாமாக் கடையில் கெட்டிப் பால் ஊற்றிய தே தாரிக் குடித்தால், இப்போதுதான் காலிசெய்த களஞ்சியத்துக்கு வெளியே மூட்டையை இறக்கி வைப்பது போலாகும். அதிலும் சீனியின் ஒரு பாதியான ஃபிரக்டோஸ் பெரும்பாலும் கல்லீரலுக்கே போகிறது. தசைக்கு அதில் பங்கு குறைவு. 'தே ஓ கோசோங்' என்று கேட்டுப் பழகுங்கள். அரை மணி நடைக்கு விளையாட்டுப் பானம் எதுவும் தேவையில்லை, தண்ணீரே போதும்.

யார் எச்சரிக்கையாக இருக்க வேண்டும்?

இன்சுலின் போட்டுக்கொள்பவர்களுக்கும், கிளிக்லசைட் போன்ற மாத்திரை சாப்பிடுபவர்களுக்கும் நடக்கும்போது சீனி மளமளவென்று இறங்கிவிடக்கூடும். மருந்தளவையும் நடக்கும் நேரத்தையும் மருத்துவரிடம் பேசி முடிவுசெய்யுங்கள். பையில் ஓர் இனிப்பு இருக்கட்டும். நடக்கையில் நெஞ்சு இறுகினாலோ, தலை சுற்றினாலோ, வழக்கத்துக்கு மாறாக மூச்சு வாங்கினாலோ உடனே நிறுத்தி மருத்துவ உதவி நாடுங்கள். கல்லீரல் முற்றிலும் சுருங்கியவர்களும், வயிற்றில் நீர் கோத்தவர்களும் மருத்துவரைக் கேட்காமல் எந்தப் பயிற்சியும் தொடங்கக்கூடாது.

அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது 'என் கல்லீரலில் வடு இருக்கிறதா?' என்று ஒரு கேள்வி கேளுங்கள். உங்கள் வயதையும் சாதாரண இரத்தப் பரிசோதனையின் மூன்று எண்களையும் வைத்து அவர் ஒரு முதற்கணிப்புச் செய்ய முடியும். ஐயம் இருந்தால் கல்லீரலின் இறுக்கத்தை அளக்கும் ஃபைப்ரோஸ்கேன் கருவிக்கு அனுப்புவார். வலியில்லாத, சில நிமிடங்களில் முடிந்துவிடும் பரிசோதனை அது.

தராசைத் தூக்கி எறிய வேண்டாம். ஆனால், அதை மட்டும் நம்பவும் வேண்டாம். மாதம் ஒருமுறை நாடாவை எடுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை இரத்தத்தில் ஏஎல்டி, டிரைகிளிசரைட் அளவுகளைப் பாருங்கள். முன்பு மூன்று மாடி ஏறியதும் நின்று மூச்சு வாங்கினீர்களே, இப்போது எப்படி இருக்கிறது என்று கவனியுங்கள். பயிற்சியை விட்டுவிட்டால் இந்த ஆதாயமெல்லாம் மெல்ல மெல்லத் திரும்பிப் போய்விடும். குளிப்பதுபோல, பல் துலக்குவதுபோல, இது தினசரிக் கடமைகளில் ஒன்றாக வேண்டும்.

வாசல் ஓரத்தில் கிடக்கும் அந்தக் காலணியைத் தூசு தட்டி எடுங்கள். இன்று மாலை அரை மணி நேரம் நடந்துவிட்டு வாருங்கள். திரும்பி வந்து தராசில் ஏறினால் அதே 78 கிலோதான் இருக்கும். இன்றிரவு நீங்கள் சாப்பிடும் சோற்றில் ஒரு பங்கு, கல்லீரலுக்குப் போகாமல் தசைக்குப் போயிருக்கும்.